வேலை இல்லாதவர்களின் ஆறு

1

போன மாதத்தோடு என் இடது மார்பை எடுத்து ஐந்து வருடம் முடிந்தது. வீட்டில் கேக் வெட்டினோம். இந்த நாட்டில் அதற்கும் கேக் உண்டு. மகள் தாரணி ஆர்டர் கொடுத்து வாங்கி வந்திருந்தாள். மேலே ரோஸ் நிறத்தில் ஒரு ரிப்பன், அதன் கீழே ‘எங்கள் வீராங்கனை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் என்ன வீரத்தைக் காட்டினேன்? மயக்க மருந்து கொடுத்தார்கள், படுத்தேன், வெட்டினார்கள், எழுந்தேன். பிறகு ஏற்றிய மருந்துக்கெல்லாம் வாந்தி எடுத்தேன். இதில் வீராங்கனை எங்கே வந்தாள்? ஆனால் பிள்ளை ஆசையாக வாங்கி வந்ததைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ரிப்பன் இருந்த துண்டை என் தட்டில் வைத்தாள். சாப்பிட்டேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் ஆறப்போட்டு எழுது என்றார் என் கணவர். ஆறப்போட்டால் நான் நன்றிக் கடிதம்தான் எழுதுவேன். இத்தனை வருடத்தில் இந்த நாடு எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.

நான் வடசென்னையில், எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கம் மீனவர் குப்பத்தில் பிறந்தவள். பெயர் மல்லிகா. கல்யாணமாகி வட இங்கிலாந்தில் இந்த மழை பிடித்த ஊருக்கு வந்தேன். கணவர் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறேன். கட்டியைக் கண்டுபிடித்த நாளில் ஆஸ்பத்திரி நர்ஸ் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். “வேலை ஒன்றுமில்லை, ஸ்கூல் கிச்சன் மட்டும்தான்” என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அப்படித்தான் வந்தது. நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு, “அந்த ‘மட்டும்தான்’ நாளைக்கு எத்தனை மணி நேரம்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதை மறக்காதீர்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் குழு என்று ஒன்று உண்டு. சிகிச்சை முடிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு முறை மேஜையைச் சுற்றி உட்காருவோம். புற்றுநோய் பற்றி ஆராய்ச்சி செய்ய நினைக்கும் டாக்டர்கள் தங்கள் திட்டத்தை எங்களிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். எங்களைக் கேட்காமல் அவர்களுக்குப் பணம் வராது. டீ, வறட்டு பிஸ்கட், பஸ் காசு தருவார்கள். ஆரம்பத்தில் நான் வாயே திறக்கவில்லை, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். நம்முடைய தலையாட்டல் அவர்களுக்கு ஆமாம் போலவும் தெரியவில்லை, இல்லை போலவும் தெரியவில்லை. குறிப்பெடுக்கிறவர் பாவம், திண்டாடிப் போனார்.

ஒரு நாள் ஒரு பெரிய டாக்டர் வந்தார். கீமோ போட்டுக்கொண்டிருப்பவர்கள் ரத்தம் கொடுப்பதற்காக வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றது அவருடைய திட்டம். “அந்த நாட்களில் என்னால் பஸ் படியில் காலைத் தூக்கி வைக்கக்கூட முடிந்ததில்லை டாக்டர். நீங்கள் வீட்டுக்கு வாருங்கள்” என்றேன். கொஞ்சம் அதட்டலாக வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் அவர் திட்டத்தை மாற்றி, நர்ஸ் வீட்டுக்கே போய் எடுப்பதாக எழுதிக்கொண்டு வந்தார். நான் சொல்லி ஒரு டாக்டர் மாற்றியிருக்கிறார்! அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கணவரை ஒரு வழி பண்ணிவிட்டேன்.

2

கேக் வெட்டிய அதே வாரம் குழு கூடியது. டாக்டர் கிளேர் என்று ஓர் இளம்பெண் வந்தார். நல்ல மாதிரி. திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். கடல், கடலில் வந்து சேரும் ஆறு, முகத்துவாரம். ஊர்ப் பெயரை அவர் வாசித்த விதத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் ரயில் பாதையைப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி லைன். எண்ணூர். கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

திட்டம் இதுதான். எண்ணூர் ஆற்றோரத்து ஜனங்களின் ரத்தத்தில் என்னென்ன உலோகங்கள் சேர்ந்திருக்கின்றன, அதனால் புற்றுநோய் வர வாய்ப்புண்டா என்று பார்ப்பது. அதற்கு இரண்டு பக்கம் ஆட்கள் வேண்டும். ஆற்றில் இறங்கி வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம். அதே ஊரில் ஆற்றில் இறங்காதவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒப்பிட வேண்டும். ஆற்றில் இறங்குகிறவர்களிடம் கெடுதல் கூடுதலாக இருந்தால் ஆற்றைச் சந்தேகப்படலாம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஆற்றின் மேல் பழி இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நாள் கழித்தாவது யாரோ கேட்கிறார்களே என்றிருந்தது.

அடுத்து கிளேர் சொன்னதுதான் வேடிக்கை. பணம் கொடுக்கிறவர்கள், அந்த ஊர் மக்களின் பிரதிநிதி ஒருவர் திட்டத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்களாம். “நீங்கள் அந்த ஊர்தானே மல்லிகா?” என்றார். மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சந்தோஷமாக என் பக்கம் திரும்பினார்கள். ஊர் ஜனமே பஸ் பிடித்து வந்து இங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்கு ஒரு நிம்மதி!

நான் ஊரை விட்டு வந்தபோது தாரணி வயிற்றில்கூட இல்லை. இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். நான் எந்த ஊருக்குப் பிரதிநிதி?

“என் அண்ணி கோமதி அங்கேதான் இருக்கிறாள். அவளைப் போடுங்கள்” என்றேன். அதற்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் சில விவரங்கள் தேவை என்று ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. அண்ணியின் கல்வித் தகுதி, முன் அனுபவம், மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலத்தில் உரையாடும் திறன், பயண விசா இருக்கிறதா என்ற விவரம். வீடியோ காலில் பேசுவதற்கு எதற்கய்யா விசா? ஆதார் இருக்கிறது என்று எழுதினேன். ஆதார் என்றால் என்ன என்று பதில் வந்தது. மெயில் போய் வந்து, போய் வந்து, கடைசியில் அண்ணி கூட்டத்தில் ‘பார்வையாளராக’க் கலந்துகொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணினார்கள். தன் உடம்பில் எடுக்கப்போகும் ரத்தத்தைப் பற்றிய கூட்டத்தில் அவள் பார்வையாளர். பிரதிநிதி நான்.

3

ஊர் நினைப்பு வந்தால் சிலருக்குப் பூவாசனை வருமாம். எனக்கு மணலி ஆலைகளின் பக்கத்திலிருந்து வரும் காற்றுதான் வரும். அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். “காத்து திரும்பிகிச்சி, ஜன்னல சாத்து” என்பாள் அம்மா. சாத்துவோம். சாத்திய ஜன்னலுக்குள்ளேதான் படித்தேன், சாப்பிட்டேன், வளர்ந்தேன்.

ஆற்றின் அடியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். கால் வைத்தால் மாவில் புதைவது போலப் புதையும். அந்தத் தண்ணீரில் அம்மா மார்பளவுக்கு இறங்குவாள். சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவித் தடவி இறாலைப் பிடிப்பாள். கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் இறால் போடும் ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வாள். பறி என்போம் அந்தக் கூடையை. கயிறு வழியாகத் தண்ணீர் வாய்க்குள் இறங்கும். துப்பிவிட்டு மறுபடி கவ்வுவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் பக்கத்தில் நின்று தடவியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் கை கால் எல்லாம் அரிக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிடுவோம்.

நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு முகாம் போட்டார்கள். எங்கிருந்து வந்தார்கள், யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குப்பத்துப் பெண்களை வரிசையில் உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பிரெட் பாக்கெட், ஓர் எவர்சில்வர் டம்ளர். முடிவு வந்ததும் சொல்வோம் என்றார்கள். அம்மா வெகுநாள் வரை கேட்டுக்கொண்டிருந்தாள், “ரத்தம் எட்த்தாங்களே, இன்னா ஆச்சின்னு கேட்டியா?” என்று. நான் யாரைப் போய்க் கேட்பேன்? சில வருடம் கழித்து வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, முற்றிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா போய்விட்டாள்.

ஆற்றினால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. எதனால் வந்தது என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறேன். டம்ளர் இன்னும் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

4

அண்ணி கோமதி திருவொற்றியூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. அம்மாவிடமிருந்து இறால் தடவக் கற்றுக்கொண்டவள். கூட்டத்துக்கு முன்னால் விஷயத்தைச் சொல்ல அவளுக்கு போன் போட்டேன்.

“அதானமே? தெரியுமே. ரத்தம் எட்க்க வராங்கன்னு ஊர்ல சொல்ட்டாங்க. தலைவரு கையெய்த்து கூட போட்டாராம்” என்றாள்.

“உங்கள யாராவது கேட்டாங்களா?”

“எங்கள இன்னாத்துக்கு கேக்கறாங்க? ஊர்க்கூட்டத்துல ஆம்பளைங்க தான குந்தறாங்க. பேர் குடுங்கன்னாங்க, குட்த்துட்டோம்.”

பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மல்லி, தனியா கீறியா? புள்ள பக்கத்துல இல்லியே?”

இல்லை என்றேன்.

“உனுக்கு மொதல்ல எப்டி இருந்துச்சி? கல்லு மாதிரியா?”

நான் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. ஆமாம், கல் மாதிரி, தொட்டால் நகராது என்றேன்.

“அப்டித்தான் கீது” என்றாள். “தீவாளிக்கு முன்னாடிலேர்ந்து கீது. வலி ஒன்னியும் இல்லமே. வலிச்சா போயிருப்பேன்.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“அவருகிட்ட இன்னான்னு சொல்றது? பேஜாரு.”

“அண்ணி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.”

“அய்ய, அங்க போனா ஒரு நாள் பொயப்பு பூடும். இவங்க தான் ரத்தம் எட்க்க வராங்களே. எதனா இருந்தா அவங்களே சொல்லிட மாட்டாங்க? அதுக்குத்தான பேரு குட்த்துட்டு காத்துகினு கீறேன். நா மட்டுமா? தெருவுல அல்லா பொம்பளையும் அதுக்குத்தான் குட்த்துகீது.”

திட்டத்தின் தாள்கள் என் எதிரிலேயே இருந்தன. பங்கேற்பவர்களுக்குத் தனித்தனியாக முடிவுகள் தெரிவிக்கப்படமாட்டாது என்று அதில் எழுதியிருந்தது. குழுவில் அதை நான் படித்தேன். படித்து, தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். இங்கே அப்படி எழுதியிருந்தால் பரவாயில்லை. இங்கே கட்டி என்று போன் செய்தால் அடுத்த வாரம் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆராய்ச்சி வேறு, சிகிச்சை வேறு. அங்கே அண்ணிக்கு இரண்டுமே ஒரே ஊசிதான்.

“சொல்லமாட்டாங்க அண்ணி. தாள்ல போட்டிருக்கு.”

“போமே. ரத்தத்த எட்த்துகினு போய்ட்டு சொல்லாம இருப்பாங்களா? அது எப்டி?”

நான் கத்தினேன், கெஞ்சினேன். கூட்டத்தில் அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன், அதற்கப்புறம் பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டாள்.

5

கூட்டம் எங்களுக்குக் காலை, அவர்களுக்குப் பிற்பகல். தாரணி லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் தமிழ் படித்தது இங்கே சனிக்கிழமைப் பள்ளியில், யாழ்ப்பாணத்து ஆசிரியைகளிடம். நல்ல தமிழ்தான். ஆனால் அண்ணி வாயைத் திறந்ததும், “அம்மா, அத்தை என்ன கதைக்கிறா? எனக்கு விளங்கேல்லை” என்றாள். உங்கட ஊர்த் தமிழ் என்றாள். எங்கள் ஊர். அவள் ஊர் இல்லை. அதற்கும் ஒரு கோபம் வந்தது. வைத்துக்கொண்டேன், யார் மேல் காட்டுவது என்று தெரியாமல்.

திரையில் ஒரு கட்டத்தில் கிளேர். இன்னொன்றில் சென்னைப் பக்கத்துப் பொறுப்பாளரான, டை கட்டிய ஒரு பேராசிரியர். மூன்றாவதில் அண்ணி, அவள் தோளுக்குப் பின்னால் தெருவிலிருந்து மூன்று பெண்கள். அப்போதுதான் ஆற்றிலிருந்து வந்திருந்தார்கள். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சுவரில் மாட்டிய பறியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இவங்க பேசறது லோக்கல் பாஷை, மேடம். சுருக்கமா நானே சொல்லிடறேன்” என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

“அந்த லோக்கல் நான்தான் சார். நானே சொல்றேன்” என்றேன்.

கிளேர் சிரித்த முகமாக முதல் கேள்வியைக் கேட்டார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

“வேலையா?” என்றாள் அண்ணி. “வேலை எதுவும் இல்லீங்க. வூட்ல தான் கீறேன். வூட்டுக்காரரு கடலுக்குப் போறாரு.”

பின்னால் இருந்த மூவரும் அதையேதான் சொன்னார்கள். வேலை இல்லை, வீட்டில்தான். நானும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வேலை இல்லை, வீட்டில் இருக்கிறார்கள். கிளேர் தட்டச்சு செய்தார். “சரி, இவர்கள் இரண்டாவது பக்கம், ஆற்றில் இறங்காதவர்கள்” என்றார்.

சுவரில் பறி சொட்டிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நிறுத்துங்க!” என்றேன். தாரணி திடுக்கிட்டுப் பார்த்தாள். நான் அண்ணி பக்கம் திரும்பினேன். அத்தனை வருடமாக இங்கே யாரிடமும் பேசாத பாஷை, எங்கே ஒளிந்திருந்ததோ, வாய்க்கு வந்துவிட்டது. “அண்ணி, இன்னிக்கி எங்க போய்ட்டு வந்த?”

“ஆத்துக்கு.”

“நேத்து?”

“ஆத்துக்குத்தான். இன்னாமே இது?”

“அப்ப வேலை இல்லன்னு இன்னாத்துக்கு சொல்ற?”

“அது வேலையா?” என்றாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. “எறா தடவினு வந்து வித்தா கொயம்புக்கு ஆச்சி, புள்ளைக்கு பீஸுக்கு ஆச்சி. அது கைச்செலவுக்கு. வேலைன்னா போட்டு, வல, இஞ்சினு. அத்த ஆம்பளைங்க செய்றாங்க.”

எங்கள் ஊரில் அப்படித்தான். ஒரு பெண் வாழ்நாள் முழுக்க ஆற்றில் நின்றிருப்பாள். என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் இருக்கிறேன் என்பாள். அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஸ்கூல் கிச்சன் மட்டும்தான் என்று சொன்ன நான் வேறு எப்படி? எனக்கு ஒரு நர்ஸ் இருந்தார், பேனாவை நிறுத்துவதற்கு.

கிளேருக்கு விளக்கினேன். இந்தப் பெண்கள் தினமும் மார்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள், கூடையின் கயிற்றைப் பல்லால் கவ்வுகிறார்கள், அந்தத் தண்ணீர் வாய்க்குள் போகிறது. இவர்களைத்தான் ஆறு படாதவர்கள் என்று மறுபக்கம் வைக்கப் போகிறீர்கள். இரண்டு பக்கமும் அதே ஆறு. ஒப்பிட்டால் வித்தியாசம் எப்படித் தெரியும்? ஆற்றின் மேல் பழி இல்லை என்று அச்சுப் போட்டுக் கொடுப்பீர்கள். சாம்பலைக் கொட்டுகிறவர்கள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார்கள்.

கிளேர் முகம் சிவந்து, கணினியை விட்டுவிட்டு ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். பேராசிரியர்தான் பேசினார். “சர்வே ஏற்கெனவே முடிஞ்சாச்சு. ஊர் முழுக்கக் கேட்டு, அவங்க சொன்னதைத்தான் எழுதினோம்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. கேட்டார்கள், சொன்னதை எழுதினார்கள், கிளம்பிவிட்டார்கள். சொட்டுகிற கூடையை ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் மூச்சு வாங்கும் நேரத்தில் அண்ணி கேமராவுக்குக் கிட்டே வந்தாள். “டாக்டரம்மா, நா ஒன்னு கேக்கறேன். எங்க ரத்தத்துல எதனா கலீஜா இருந்தா எங்களுக்கு சொல்வீங்களா, மாட்டீங்களா?”

மொழிபெயர்த்தேன். கிளேர் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் தமிழிலேயே பதில் சொன்னார். “அதெல்லாம் வழக்கம் இல்லைம்மா. சொன்னா தேவையில்லாம பயந்துடுவீங்க.”

“பயந்தா நாங்க தான பயப்படப் போறோம் சார்? நீங்க சொல்லுங்க.”

பேராசிரியர் ஒலியை அணைத்துக்கொண்டார். கிளேர் மெதுவாகப் பேசினார். பெயர் இல்லாமல்தான் ரத்தம் சேகரிக்க நெறிமுறைக் கமிட்டி அனுமதித்திருக்கிறது. அதோடு, இந்தப் பரிசோதனை உலோகங்களைத்தான் பார்க்கும், ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று இதில் தெரியவே தெரியாது. இது அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும் என்று நினைத்தேன் என்றார். யார் சொன்னார்கள்? தலைவரிடம் சொன்னார்களோ என்னவோ.

ஒவ்வொரு சொல்லாக அண்ணிக்குச் சொன்னேன். அவள் பின்னால் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணியின் கை தானாக முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டது.

“அப்ப நா இன்னாத்துக்கு காத்துகினு கீறேன்?” என்றாள்.

என்ன சொன்னார் என்று கிளேர் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுடைய கட்டி அவளுடையது. கூட்டத்தில் வைத்து விளக்க எனக்கு உரிமையில்லை.

6

மறுநாள் கடிதம் எழுதினேன். அந்தப் பெண்களை அவர்கள் இறங்கும் ஆற்றோடு சேர்த்து எழுத வேண்டும். ரத்தத்தில் என்ன இருந்தாலும் அவரவருக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும். இந்த ரத்தம் புற்றுநோயைக் கண்டுபிடிக்காது என்று தெருத் தெருவாகப் போய், பெண்களிடம், அவர்கள் பாஷையில் முதலில் சொல்ல வேண்டும். இவை நடக்கும் வரை என் பெயரைப் பிரதிநிதி என்று போடக் கூடாது.

பதில் வந்தது, ‘உங்கள் விலைமதிப்பற்ற பங்களிப்புக்கு நன்றி’ என்ற தொடக்கத்தோடு. முதலாவது மாற்றப்பட்டுவிட்டது. வேலை என்ன என்பதற்குப் பதிலாக, ஆற்றில் இறங்குவீர்களா, எவ்வளவு நேரம் என்று கேட்கப் போகிறார்களாம். அதற்காக கிளேர் யார் யாரிடமோ சண்டை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நல்ல பெண் என்றுதான் ஆரம்பத்திலேயே சொன்னேன். மற்ற இரண்டும் கமிட்டியின் பரிசீலனையில் இருக்கின்றன. என் பெயரை எடுத்தாயிற்று. தாமதத்தைத் தவிர்க்க வேறொரு தமிழரைப் பிரதிநிதியாகப் போட்டிருக்கிறார்கள். லண்டனில் கம்ப்யூட்டர் வேலை. அவர் ஊர் கோயம்புத்தூர். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எண்ணூர் எந்தப் பக்கம் என்று அவர் என்னைக் கேட்டு மெயில் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

காத்திவாக்கத்தில் அண்ணி தெருப் பெண்கள் ரத்தம் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். முடிவைச் சொல்வதாக இருந்தால் வாருங்கள், கையை நீட்டுகிறோம் என்றார்களாம். ஊர்க்கூட்டத்தில் போய் நின்றுகொண்டே சொன்னார்களாம், உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஒத்துழைப்புக் குறைவு என்று எங்கோ எழுதப்பட்டிருக்கும்.

எனக்கு அதைப் பற்றி இப்போது கவலையில்லை. இந்த ஆராய்ச்சி வேண்டும் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு எதனால் வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் சாக எனக்கு விருப்பமில்லை. ஆனால் எங்களைக் கேட்காமல் அல்ல, எங்களுக்குச் சொல்லாமல் அல்ல.

நேற்று அண்ணி போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

“உங்க அண்ணன் தான் இட்டுனு போனாரு. நீ சொல்லி தான் சொன்னேன். பஸ்ல ஜன்னலாண்ட குந்த வெச்சாரு” என்றாள்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“கட்டிக்குள்ள ஊசி வுட்டு எட்த்துகீறாங்க. அட்த்த வாரம் வான்னாங்க. இன்னான்னு என்கிட்ட சொல்வீங்களான்னு கேட்டேன். சொல்வோம்மான்னாங்க. இன்னொரு தபா கேட்டுகினு தான் வந்தேன்.”

அடுத்த வாரம். அதுவரை நானும் காத்திருக்க வேண்டும், அவளும் காத்திருக்க வேண்டும்.

“மல்லி, இத்த கேளு” என்றாள். குரலில் ஒரு சூடு. “ஆஸ்பத்திரி சீட்டு போட்ற எடத்துல ஒருத்தன் குந்தினு இருந்தான். பேரு இன்னா, வயசு இன்னான்னு கேட்டான். சொன்னேன். இன்னா வேலன்னு கேக்கவே இல்லமே. அவனா ஹவுஸ் ஒய்ஃபுன்னு அட்ச்சிகினான். எனுக்கு வந்துச்சி பாரு. அத்த அயிச்சிட்டு போடுன்னேன். போம்மா, லைன் நிக்குதுன்றான். பின்னால கீறவங்க அல்லாரும் கத்தறாங்க. உங்க அண்ணன் வேற கைய புட்ச்சி இஸ்துகினு கீறாரு. கத்தனா கத்தட்டும்னு நின்னுட்டேன்.”

“அப்புறம்?”

“ஆத்துல எறங்கி எறா புடிக்கிறதுன்னு போட்டான். படிச்சி காட்டுன்னேன். படிச்சான். அப்பால தான் அந்த எடத்த வுட்டு நவுந்தேன்.”